ஃபைபர்கிளாஸ் பைப் ஒழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஃபைபர்கிளாஸ் பைப்பில் ஈரம் தெரிந்த உடனே பலரும் செய்வது ஒன்றுதான்: ரெசினை (காய்ந்தால் கெட்டியாகும் பிசின்) கலக்கு, கண்ணாடி நார் மேட்டை (விரிப்பு) வெட்டு, மேலே சுற்று. அன்றைக்கு ஒழுகல் நிற்கும். அழுத்தம் ஏற்றி லைன் கொஞ்ச நாள் ஓடியதும், சுற்றிய கட்டின் ஓரத்தில் மறுபடி ஈரம் தலைகாட்டும். உடனே ரெசின் சரியில்லை என்று பழி விழும். பெரும்பாலும் ரெசின் மேல் தப்பே இருக்காது. ஈரமான, வழவழப்பான பரப்பில் எந்த ரெசினும் பிடிக்காது. பிடிக்காத இடத்துக்குள் நீர் புகுந்து, கட்டுக்கு அடியிலேயே நகர்ந்து, ஓரத்தில் வெளியே வரும்.

அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி நேரம் காய வைப்பதிலும் தேய்ப்பதிலும்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால், நீர் எந்த வழியாக வருகிறது, ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம். எஃப்ஆர்பி, ஜிஆர்பி, ஜிஆர்இ என்று எந்தப் பெயரில் உங்கள் லைன் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கண்ணாடி நார், அதைப் பிணைக்கும் ரெசின், உள்பக்கம் ரெசின் அதிகமாக உள்ள ஒரு லைனர். நீரைத் தடுத்து நிறுத்துவது அந்த லைனர். அழுத்தத்தைத் தாங்குவது வெளியே சுற்றிய நார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கை வைக்கும் முன்

அழுத்தத்தை முழுக்க இறக்கி, லைனை வடித்துவிடுங்கள். ஒழுகிக்கொண்டிருக்கும் பைப்பின் மேல் செய்யும் எந்த ரெசின் வேலையும் நிற்காது. வால்வு முழுசாக அடைக்காமல் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால், தாழ்வான இடத்தில் திறந்து வடிய விடுங்கள், அல்லது காற்றடைக்கும் பிளக் வைத்து அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடுங்கள். லைனில் அமிலமோ காரமோ ஓடியிருந்தால் கழுவி, நடுநிலை ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கிரைண்டரை எடுக்க வேண்டும்.

அடுத்து, பைப் எந்த ரெசினில் செய்தது? பாலியெஸ்டரா, வினைல் எஸ்டரா, எப்பாக்ஸியா? பைப்பின் மேல் உள்ள அச்சு, பழைய வரைபடம், வாங்கிய பதிவு, எதிலாவது இருக்கும். இது தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது. பாலியெஸ்டர் பைப்பின் மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸி பைப்பின் மேல் பாலியெஸ்டரை வைத்தால் நம்ப முடியாது, தகடாக உரிந்து வரும். மேட் விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. சாதாரண நறுக்கு நார் மேட்டில் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்களில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்தது. எப்பாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் அந்த மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது. எப்பாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் சரி.

பாதுகாப்பைப் பற்றி மூன்றே விஷயம். தேய்க்கும்போது தூசிக்கு ஏற்ற சுவாசக் கவசம், முழுக்கைச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி. ரெசினைக் கெட்டியாக்கும் எம்ஈகேபி கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், எனவே கலக்கும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ரெசின் கெட்டியாவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் எம்ஈகேபியையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

ஈரம் தெரிகிறது, ஓட்டை தெரியவில்லை

ஒழுகும் கூரையைப் போலத்தான் இதுவும்: சொட்டுகிற இடமும் ஓட்டையும் ஒன்றாக இருக்காது. நீர் நார்களின் ஊடே சுற்றிலும் ஓடும், பழைய கட்டுக்கு அடியில் ஓடும், பைப்பின் அடிவயிற்றுக்கு இறங்கி அங்கே சொட்டும். முதலில் முழு இடத்தையும் துடைத்து, சூடான காற்றில் காய வையுங்கள். சாக்பீஸ் பொடியையோ டால்கம் பவுடரையோ மெல்லியதாகத் தூவி, லைனில் கொஞ்சம் மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். முதலில் கருக்கும் புள்ளிதான் நீர் வெளியே வரும் இடம். அதிலிருந்து மேல்நோக்கியும் இரண்டு பக்கமும் தேடுங்கள். நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடத்தில் ஒலி செத்துப்போய்க் கேட்கும். அந்த எல்லையை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். வெட்டுவதும் தேய்ப்பதும் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

பசை வைத்த சாக்கெட் ஜாயின்ட்டின் வாயில் கசிவு

ஒரு பைப்பின் முனையை (ஸ்பிகாட்) அடுத்த பைப்பின் அகன்ற வாய்க்குள் (சாக்கெட்) பசை வைத்து நுழைத்த ஜாயின்ட் இது. இங்கே கசிவதுதான் அதிகம் வரும் புகார். ஜாயின்ட்டின் வாயில் வழிந்து உறைந்த பசையைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கல் மாதிரி இருந்து, கீறினால் பொடியாக வந்தால் பசை கெட்டியாகியிருக்கிறது. மெழுகு மாதிரி சுருண்டு வந்தால் கெட்டியாகவில்லை. குளிரில் ஒட்டியதாலோ, இரண்டு பாகங்களும் சரியாகக் கலக்காததாலோ அப்படி ஆகும். பசையின் நிறத்தையும் கவனியுங்கள். கோடு கோடாக இரண்டு நிறம் தெரிந்தால் கலவை பாதியில் நின்றிருக்கிறது. பசை டப்பாவைப் பாதி பாதியாகப் பிரித்துக் கலப்பது பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஒரு செட் என்றால் முழு செட்டையும் கலக்க வேண்டும், மிஞ்சினால் போகட்டும்.

பசை கெட்டியாக இருந்தும் கசிந்தால் காரணம் பரப்பில் இருக்கிறது. ஸ்பிகாட்டைச் சீவி வைத்துவிட்டு நெடுநேரம் கழித்து ஒட்டியிருப்பார்கள். வியர்த்த கையால் தொட்டிருப்பார்கள். காலைப் பனி படிந்ததைக் கவனிக்காமல் ஒட்டியிருப்பார்கள். பைப்பின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருந்தால்தான் பரப்பு காய்ந்திருக்கிறது என்று நம்பலாம். சீவிய பரப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுவது நல்லது. தாமதமானால் மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் பசை.

இன்னொரு காரணமும் உண்டு: ஒட்டிய பிறகு பைப் நகர்ந்தது. பசை கெட்டியாகும் முன் அடுத்த ஜாயின்ட்டைத் தட்டி ஏற்றினால் முந்தைய ஜாயின்ட் சில மில்லிமீட்டர் பின்வாங்கும். ஒட்டும்போது ஸ்பிகாட்டில் கோடு போட்டிருந்தால் இதை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். கோடு சாக்கெட்டின் வாயிலிருந்து விலகியிருக்கும்.

சரி, என்ன செய்வது? வாயைச் சுற்றிப் பசை பூசி அடைப்பது வீண் வேலை. அழுத்தம் உள்ளிருந்து வருகிறது, அந்தப் பூச்சை அது வெளிநோக்கித் தள்ளும். பசை கெட்டியாகாமல் இருந்து, இன்னும் அழுத்தம் ஏற்றாத ஜாயின்ட் என்றால், ஹீட்டிங் பிளாங்கெட் சுற்றித் தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் சொன்ன நேரம் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். அழுத்தத்தில் ஒருமுறை கசிந்துவிட்டால் பசைக்குள் வழி ஏற்பட்டுவிட்டது, சூடு கொடுத்து அதை மூட முடியாது. ஜாயின்ட்டையே வெட்டி எடுத்து மாற்றுவதுதான் முறை. வெட்டவே முடியாத இடம், அழுத்தமும் குறைவு என்றால் மேலே லேமினேஷன் சுற்றலாம். ஆனால் கசிந்த பாதையில் இருக்கும் நீர் முழுக்க வெளியேற வேண்டும். சூடான காற்றைக் காட்டிக்கொண்டே இருங்கள். வாயில் முத்து முத்தாக நீர் எட்டிப்பார்க்கும், துடையுங்கள், மறுபடி காட்டுங்கள். முத்து வருவது நின்று ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் கிரைண்டர். நெருப்புச் சுவாலையை மட்டும் காட்டாதீர்கள், ரெசின் கருகினால் அந்த இடமும் வெட்ட வேண்டிய இடமாகிவிடும்.

மேட் சுற்றிய ஜாயின்ட்டின் ஓரத்தில் கசிவு

இரண்டு பைப் முனைகளை முட்ட வைத்து மேலே மேட்டும் ரோவிங்கும் (தடித்த நார்க் கற்றைகளால் நெய்த துணி) சுற்றிய ஜாயின்ட் இது. ஓரத்தில் கசிந்தால், கட்டுக்கும் பைப்புக்கும் இடையே ஒட்டு விட்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு உளியை வைத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். தகடாகக் கிளம்பி, அடியில் பைப்பின் பளபளப்பு அப்படியே தெரிந்தால், தேய்க்காமல் சுற்றியிருக்கிறார்கள். இதை மேலும் மேலும் சுற்றிச் சரிசெய்ய முடியாது. பழைய கட்டு முழுக்க வெளியே வர வேண்டும்.

திரும்பச் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அடிபட்ட இடங்களைச் சரிசெய்யவும் இதே வேலைதான்.

தேய்ப்பதற்கு 24 முதல் 40 நம்பர் வரையான முரட்டு டிஸ்க். கட்டு உட்காரப்போகும் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. பரப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கலான வெள்ளையாக இருக்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், விட்டுப்போன இடம் கண்ணாடித் துண்டு போல மின்னிக் காட்டிக்கொடுக்கும். பள்ளம் தோண்ட வேண்டிய இடத்தில் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாக இறக்குங்கள். ஆழத்தைப் போல் ஆறு மடங்கு அகலத்துக்குக் குறையாத சரிவு வேண்டும், பன்னிரண்டு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. தூசியைப் பிரஷ்ஷாலும் வேக்வம் கிளீனராலும் எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் அதிலிருக்கும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து வரும். அசிட்டோன் போட்டுத் துடைப்பதென்றால் துணி சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்குத் துணி, ஒரு இடத்துக் கிரீஸைப் பைப் முழுக்கப் பரப்பிவிடும்.

முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ரெசினும் ஃபியூம்டு சிலிக்காவும் (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) கலந்த புட்டியால் நிரப்பி, கெட்டியானதும் பைப்போடு சமமாகத் தேய்த்துவிடுங்கள். உள்ளே கை போகும் அளவு பைப் என்றால் உள்பக்கமும் லைனர் அடுக்கைப் போடுவது அவசியம். வெளியே எவ்வளவு தடிமனாகச் சுற்றினாலும் உள்ளே லைனர் திறந்து கிடந்தால், ஓடும் திரவம் நாரைத் தின்னத் தொடங்கும்.

பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் வேலையில் முதல் அடுக்கு எப்போதும் நறுக்கு நார் மேட். ரோவிங்கை நேரே பைப்பின் மேல் வைத்தால் அதன் நெசவு மேடுகள் மட்டும்தான் ஒட்டும். அதன்மேல் ரோவிங், மறுபடி மேட் என்று மாறி மாறி வரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். அதற்குச் சுமார் ஒரு கிலோ ரெசின் போகும், அதாவது நாருக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். சேரும் முனைகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வையுங்கள்.

முதலில் பைப்பில் ரெசினைப் பூசி, அதன்மேல் மேட்டை வைத்து, மேலும் ரெசின் கொடுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் ஏற ஏறக் கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் உள்ள பைப் தெரியத் தொடங்கும். தெளியாமல் வெண்மையாக நிற்கும் திட்டு ஒவ்வொன்றும் அகப்பட்ட காற்று. வரி வெட்டிய அலுமினிய ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். குமிழி நகர்ந்து ஓரத்தில் உடைவது கண்ணுக்கே தெரியும். அழுத்தித் தேய்க்காதீர்கள், ரெசின் பிழிந்து வெளியேறி நார் காய்ந்துபோகும். ரோலரின் எடையே கிட்டத்தட்டப் போதும்.

ஒரே மூச்சில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். ரெசின் கெட்டியாகும்போது சூடு பிறக்கும். தடித்த கட்டில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெடிப்பு விடும். சூடு தணிந்த பிறகு அடுத்த சுற்று. மறுநாள் தொடர்வதானால் மேற்பரப்பை மறுபடி தேய்த்துவிட்டுத் தொடருங்கள். கடைசியாக மேற்பரப்புக்கான மெல்லிய நார்த் துணி (வெய்ல்) ஓர் அடுக்கு, அதன்மேல் மெழுகு கலந்த டாப்கோட். மெழுகைக் கடைசிப் பூச்சில் மட்டும்தான் சேர்க்க வேண்டும். நடுவில் சேர்த்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது.

ரெசின் காயவே இல்லை, கையில் ஒட்டுகிறது

மேலாக மட்டும் பிசுபிசுக்கிறது, நகத்தால் அழுத்தினால் அடியில் கெட்டி என்றால் பயமில்லை. பாலியெஸ்டரும் வினைல் எஸ்டரும் காற்றுப் படும் இடத்தில் அப்படித்தான் நிற்கும். மெழுகு டாப்கோட் போட்டால் தீரும். நகம் உள்ளே இறங்கினால் கேட்டலிஸ்ட் குறைவு, அல்லது குளிர். 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை என்பது வழக்கமான அளவு. குளிருக்கு ஈடாகக் கேட்டலிஸ்ட்டை இஷ்டத்துக்கு ஏற்றவோ, வேலை நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று மிகக் குறைக்கவோ கூடாது. அளவுக்குக் கீழே போனால் ரெசின் எத்தனை நாள் விட்டாலும் முழுசாகக் கெட்டியாகாது. வேலை தொடங்கும் முன் ஒரு கப்பில் 100 கிராம் கலந்து எத்தனை நிமிடத்தில் கூழாகிறது என்று பார்த்துவிடுவது பெரிய சங்கடத்தைத் தவிர்க்கும்.

சோதிக்க எளிய வழி அசிட்டோன். மெழுகு இருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, நாலு சொட்டு விட்டு, கையுறை போட்ட விரலால் ஆவியாகும் வரை தேயுங்கள். பரப்பு மென்மையாகிப் பிசுபிசுத்தால் இன்னும் கெட்டியாகவில்லை. கடினத்தை அளக்கும் பார்கோல் கருவி கையில் இருந்தால் ரெசின் தயாரிப்பாளர் தரும் எண்ணில் 90 சதவீதமாவது வர வேண்டும். சூடு கொடுத்தும் ஏறாத கட்டைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதன்மேல் நல்ல அடுக்கைப் போடுவது சேற்றின் மேல் வீடு கட்டுகிற கதைதான்.

ரப்பர் வளைய கப்ளிங்கில் ஒழுகல்

இங்கே ரெசினுக்கு வேலையே இல்லை. மூன்று சாத்தியம்: வளையம் புரண்டிருக்கிறது, பள்ளத்தில் மணலோ கல்லோ மாட்டியிருக்கிறது, அல்லது பைப்புகள் அளவுக்கு மேல் கோணலாக நிற்கின்றன. ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடு) இடைவெளியில் விட்டுச் சுற்றி வந்தால், வளையம் புரண்ட இடத்தில் ஆழம் மாறும். கோண அளவு பைப்பின் விட்டத்தைப் பொறுத்தது. சிறிய பைப்பில் 3 டிகிரி வரை பொறுக்கும், மிகப் பெரியதில் அரை டிகிரிதான். கப்ளிங்கைக் கழற்றி, வளையத்தை மாற்றி, சோப்பு வகை லூப்ரிகன்ட் பூசி ஏற்றுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் பல ரப்பர்களை ஊத வைத்துக் கெடுக்கும். மண்ணுக்கடியில் உள்ள லைன் என்றால், கப்ளிங்கின் கீழே மண் கெட்டியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மண் இறங்கியதால் வந்த கோணலை, வளையம் மாற்றித் தீர்க்க முடியாது.

ஃபிளாஞ்சில் ஒழுகல்

முதலில் ஸ்பானரைக் கீழே வையுங்கள். இரும்புப் பைப் வேலை பழகிய கை, ஒழுகினால் இன்னும் இறுக்கும். ஃபைபர்கிளாஸ் ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தட்டு) அப்படி இறுக்கினால் தட்டும் கழுத்தும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசல் ஒழுகத் தொடங்கிய பிறகு ஃபிளாஞ்சையே வெட்ட வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வால்வோ பம்போ நடுவில் மேடுள்ள முகத்தோடு வந்திருந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க நம் பக்கத்துத் தட்டு வெளி ஓரத்தில் வளையும். மேட்டுக்கு வெளியே உள்ள இடைவெளிக்குச் சமமான தடிமனில் ஒரு வளையம் வைத்து முகத்தைச் சமமாக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். கேஸ்கெட் முழு முகத்தையும் மூடும் மென்மையான ரப்பராக இருக்கட்டும், ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 60 சுற்று வட்டாரம், 3 மில்லிமீட்டர் தடிமன். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் தட்டை வாஷர். எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, அப்புறம் முழுசு என்று டார்க் ரெஞ்சால் ஏற்றுங்கள். மறுநாள் ஒருமுறை சரிபாருங்கள், ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இரண்டு ஃபிளாஞ்சுகள் தாமாகச் சேராமல் விலகி நின்றால், போல்ட்டால் இழுத்துச் சேர்க்கும் எண்ணமே வேண்டாம். பைப்பை வெட்டிச் சீராக்குங்கள்.

பைப் சுவரே வியர்க்கிறது

ஜாயின்ட்டும் இல்லை, அடிபட்ட தடமும் இல்லை, பைப்பின் மேல் நுண்ணிய துளிகள் வரிசையாக நிற்கின்றன. குளிர்ந்த நீர் ஓடும் லைனில் வெளிக்காற்றின் ஈரம் படிந்ததா என்று முதலில் பாருங்கள். துடைத்துவிட்டு, லைனை நிறுத்தி, பைப் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் அழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மையாகவே சுவர் வழியாக வருகிறது என்றால் விஷயம் தீவிரமானது. அழுத்த அதிர்ச்சியாலோ வளைவாலோ பைப் தாங்கும் அளவைத் தாண்டி நீண்டிருக்கிறது. ரெசின் நார்களுக்கு இடையே நுண்விரிசல் விட்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து வழியாகிவிட்டன. வெளியே எதைப் பூசினாலும் நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். பம்ப் சட்டென்று நிற்பதும், வால்வைப் படீரென மூடுவதும், காற்று அகப்பட்டு அடிப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். அவை தீராமல் துண்டை மட்டும் மாற்றினால் பக்கத்துத் துண்டு வியர்க்கும்.

அடிபட்ட இடம், வெள்ளைத் தழும்பு

வெளியே ஒரு வெளிறிய வட்டம், அவ்வளவுதான் தெரியும். ஆனால் மேலே விழுந்த அடியில் சுவர் உள்நோக்கி வளைந்து திரும்பியிருக்கும், உள் லைனரில் நட்சத்திரம் போல விரிசல் பரவியிருக்கும். இந்த வகைச் சேதத்தில் உள்பக்கத்தைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். டார்ச்சோ சிறிய கேமராவோ உள்ளே விட்டுப் பாருங்கள்.

கீறல் மேற்பூச்சோடு நின்றிருந்தால் தேய்த்து டாப்கோட் போதும். நார் அறுந்திருந்தால், அறுந்த நார் அத்தனையும் போகும் வரை தோண்டி, சரிவு வைத்து, மேலே சொன்ன முறையில் அடுக்குகளை ஏற்றுங்கள். லைனர் உடைந்திருந்து உள்ளே கை எட்டவில்லை என்றால் வெட்டி மாற்றுவதுதான். ரப்பர் வைத்த ஸ்டீல் கிளாம்ப் போட்டு அடுத்த பணி நிறுத்தம் வரை ஓட்டலாம், தற்காலிகமாகத்தான். கிளாம்ப்பையும் அளவாக இறுக்குங்கள், பைப் நசுங்கிவிடக் கூடாது.

வெட்டுவதற்கு வைரத் தூள் பதித்த சக்கரம் வேண்டும், மரம் அறுக்கும் வாள் நாரைக் கிழிக்கும். வெட்டு முனையில் நார் தெரியும் விளிம்பு முழுவதையும் ரெசினால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் நார்களின் முனை வழியாக நீர் உள்ளே ஏறும். சாக்கெட் ஜாயின்ட்டில் புதுத் துண்டை நுழைக்கப் பைப்பை நீளவாக்கில் விலக்க வேண்டும். அதற்கு இடமில்லாத லைனில் நகரும் கப்ளிங்கோ ஒரு ஜோடி ஃபிளாஞ்சோ வைத்துத் திட்டமிட்ட பிறகு வெட்டுங்கள்.

வெயிலில் நார் தெரிகிறது, உள்ளே கொப்புளம்

வெளியே நார் நார் ஆகத் தெரிவதும் சுண்ணாம்பு போலப் பொடி உதிர்வதும் புற ஊதாக் கதிரின் வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், வலிமை பெரும்பாலும் போயிருக்காது. தேய்த்து, புற ஊதாத் தடுப்பு உள்ள டாப்கோட் பூசினால் போதும்.

உள்ளே கொப்புளமோ கருமையோ இருந்தால் அப்படி விட்டுவிட முடியாது. ஒன்றைக் குத்திப் பாருங்கள். அடியில் நார் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் லைனரோடு நின்றிருக்கிறது, தோண்டிப் புதிதாகப் போடலாம். நார் மென்மையாகி விரலில் பிரிந்து வந்தால் அல்லது குச்சி போல ஒடிந்தால், திரவம் கண்ணாடியையே தாக்கியிருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சூடான காரமும் கண்ணாடியைக் கரைக்கும். சாதாரண ஈ வகைக் கண்ணாடி, இழுவிசையில் இருக்கும்போது அமிலம் பட்டால் சட்டென்று ஒடியும். அங்கே பழுது பார்ப்பதைவிட, அந்தத் திரவத்துக்கு அந்த ரெசினும் நாரும் பொருந்துமா என்று கேட்பதுதான் வேலை.

சோதனையில் அழுத்தம் இறங்குகிறது, ஒழுகல் இல்லை

பழுது பார்த்த லைனை நீரால் சோதியுங்கள். காற்றால் சோதிப்பது ஆபத்து, உடைந்தால் அழுந்திய காற்று துண்டுகளை எறியும். தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, உயர்ந்த இடங்களில் காற்றை வெளியேற்றி, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை படிப்படியாக ஏற்றுவது வழக்கம். பைப்போ வால்வோ தாங்கும் அளவு அதற்குக் கீழே இருந்தால் அதோடு நிறுத்துங்கள். பம்ப்பை எத்தனை முறை அடித்தாலும் முள் சோம்பேறித்தனமாக ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் முள் இறங்குவது பெரும்பாலும் ஒழுகல் அல்ல. பைப் இரும்பைவிட நெகிழ்வானது, அழுத்தத்தில் மெல்ல விரியும். மறுபடி நிரப்பி நிறுத்திவிட்டு, அதன் பிறகு கணக்கிடுங்கள். வெயில் ஏறினாலும் மேகம் மறைத்தாலும் முள் நகரும்.

அதே இடத்தில் மறுபடி மறுபடி

ஒரே ஜாயின்ட் இரண்டாவது தடவை விட்டால் ஜாயின்ட்டை விட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கமும் பத்து அடி நடந்து பாருங்கள். கனமான வால்வு தனிச் சப்போர்ட் இல்லாமல் பைப்பில் தொங்குகிறதா? பம்ப்பின் அதிர்வு நேராக வருகிறதா, நடுவே நெகிழ்வு இணைப்பு இல்லையா? இந்த பைப் இரும்பைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வெப்பத்தில் நீளும். நகர வேண்டிய இடத்தில் கிளாம்ப்பை இறுக்கிப் பூட்டியிருக்கிறார்களா? கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் இல்லாமல் இரும்பு விளிம்பு பைப்பைச் சுரண்டுகிறதா? புதைத்த லைன் என்றால் விட்டம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று உள்ளே அளந்து பாருங்கள். புதைத்த உடனே 3 சதவீதம், நெடுங்காலத்தில் 5 சதவீதம் என்பதுதான் பொதுவாக வைக்கும் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் பக்கவாட்டு மண்ணைத் தோண்டி, மறுபடி அடுக்கடுக்காக இடித்து நிரப்பிய பிறகு ஜாயின்ட்டுக்கு வாருங்கள்.